என்னை விட அவன்

மண்ணடியில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் அந்த ஏஜென்ட் ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே நட்டு போல்ட்டு கடை. படியெல்லாம் கிரீஸ் வாசனை. மேலே ஒரு நீள வராந்தா, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், கடைசியில் பிளைவுட் அடித்துத் தடுத்த ஓர் அறை. தடுப்பு கூரை வரைக்கும் போகவில்லை. உள்ளே பேசுவது வெளியே நன்றாகக் கேட்கும்.

காலை பத்து மணி இருக்கும். நானும் ஏழுமலையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருக்கும் இஸ்திரி போட்ட சட்டை. அவன் போட்டிருந்தது அவன் மச்சானுடைய சட்டை, தோளில் இறுக்கம். கையைத் தூக்கினால் தையல் விட்டுவிடும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"மாமு, சட்ட கிழிஞ்சிடும் போல கீது" என்றான்.

"சட்ட கிழிஞ்சா பரவால்ல. இங்கிலீஷ் கிழியாம பாத்துக்க" என்றேன்.

சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்து நாலு முறை எழுந்து போய்விட்டேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன். முப்பது வாரமாக இந்தப் பத்திரிகைத் தொடரில் ஊரில் உள்ளவன் கதையெல்லாம் எழுதியாயிற்று. ஊரான் அழுக்கைத் துவைத்தது போதும்.

கம்பி ஏற்றுகிறவனும் கம்பி முறுக்குகிறவனும்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கப்பல் தளத்தில் கன்டெய்னர் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். கடலில் ஆட்டம் வந்தால் சரியாமல் இருக்க, பெட்டியின் மூலையிலிருந்து தளம் வரைக்கும் இரும்புக் கம்பிகளைக் குறுக்காக மாட்டி இறுக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் லாஷிங். நானும் ஏழுமலையும் பத்துப் பன்னிரண்டு வருஷம் அதைத்தான் செய்தோம்.

ஒற்றை ஆளாகச் செய்ய முடியாத வேலை. ஒருவன் ஆளை விட இரண்டு மடங்கு நீளமுள்ள கம்பியை நிமிர்த்தித் தூக்கி, மேலே மூலை ஓட்டையில் கொக்கியை மாட்ட வேண்டும். இன்னொருவன் கீழே குனிந்து அதன் அடியை முறுக்கி இறுக்க வேண்டும். மேலே கொக்கி சரியாக விழவில்லை என்றால் கம்பி நேராகக் கீழே இருப்பவன் மேல்தான் வரும்.

கம்பி ஏற்றுவது ஏழுமலை. முறுக்குவது நான். அத்தனை வருஷத்தில் என் மேல் ஒரு கம்பி விழுந்ததில்லை. நான் குனிந்தால் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். பார்க்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

எங்கள் கேங்கில் ஒரு வழக்கம் இருந்தது. மேஸ்திரி புது வேலைக்கு ஆள் பொறுக்கும்போது ஒருவனிடம் அவனைப் பற்றிக் கேட்கவே மாட்டார். "உன் ஜோடி எப்பிடி?" என்றுதான் கேட்பார். இவன் அவனைப் பெரிசாகச் சொல்ல வேண்டும். அப்புறம் அவனைக் கூப்பிட்டு இவனைப் பற்றிக் கேட்பார். அவன் இவனைப் பெரிசாகச் சொல்ல வேண்டும். இரண்டு சொல்லும் ஒத்துப் போனால் இரண்டு பேருக்கும் வேலை. ஒருவன் வாயை மூடிக்கொண்டால் மற்றவன் போச்சு. ஜோடியே கை கொடுக்காதவனை எந்த மேஸ்திரி கப்பலில் ஏற்றுவான்?

தன்னைத் தானே சொல்லிக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. கோதண்டம் என்று ஒருவன் இருந்தான், நல்ல வேலைக்காரன். ஒருநாள் டீ குடிக்கும்போது, "என்ன மாதிரி கட்டறவன் இந்த ஹார்பர்லயே இல்ல" என்றான். அன்று மத்தியானத்திலிருந்து அவனோடு ஜோடி சேர யாரும் வரவில்லை. ஒரு வாரம் தளத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தான். கண் படும் என்பது பாதிக் காரணம். தன் பேச்சில் மயங்குகிறவன் கம்பியைக் கவனிக்க மாட்டான் என்பது மீதி.

ரேவதி மிஸ்ஸின் கரும்பலகை

வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு லாஷிங் ஆட்கள் வேண்டும், இன்டர்வியூ இங்கிலீஷில் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் காலடிப்பேட்டையில் இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்தோம். இஸ்திரிக் கடைக்கு மேலே ஓர் அறை. ஃபேன் காற்றில் கரித் துண்டு மணம் வரும். நாங்கள் இரண்டு பேர், இரண்டு டிரெய்லர் டிரைவர்கள், மணலி புதுநகரிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு வெல்டர். ஐந்து பேருக்கும் நாற்பது தாண்டியாயிற்று. ரேவதி மிஸ்ஸுக்கு முப்பது கூட இருக்காது. எங்களை அண்ணா என்பார். நாங்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்போம்.

ஒப்பிட்டுப் பேசுகிற பாடம் வந்த அன்று, மிஸ் பலகையில் மூன்று கன்டெய்னர் வரைந்தார். சின்னது, பெரியது, அதைவிடப் பெரியது. அடியில் ஹெவி, ஹெவியர், ஹெவியஸ்ட் என்று எழுதினார். கனம், இன்னும் கனம், எல்லாவற்றிலும் கனம்.

ஏழுமலை கையைத் தூக்கினான். "மிஸ், அது லோடு பொட்டியா, காலி பொட்டியா?"

"ஏன் அண்ணா?"

"இருவதடி லோடு பொட்டி, நாப்பதடி காலி பொட்டிய விட கனம் மிஸ். சைஸ பாத்து ஏமாறக் கூடாது. எங்க வேலைல அப்பிடி ஏமாந்தா ஆள் காலி."

மிஸ் தான் எழுதியதை அழித்தார். ஏழுமலை சொன்னதையே இங்கிலீஷில் எழுதி, 'தேன்' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டார். நம்முடைய 'விட'வுக்கு இங்கிலீஷில் 'தேன்'; எதோடு ஒப்பிடுகிறோமோ, அதற்கு முன்னால் அது வர வேண்டும். அன்று முழுக்க ஏழுமலைக்குத் தலைகால் புரியவில்லை.

தமிழில் எவ்வளவு சுலபம்! 'அவனை விட' என்று சொல்லிவிட்டால் போதும். உயரம் உயரமாகவே இருக்கும், கனம் கனமாகவே இருக்கும். இங்கிலீஷில் சொல்லே உருமாற வேண்டும். குட்டிச் சொல் என்றால் பின்னால் வால் முளைக்கும்: ஃபாஸ்ட், ஃபாஸ்டர். நீளமான சொல்லுக்கு வால் ஒட்டாது, முன்னால் 'மோர்' போட வேண்டும்: மோர் கேர்ஃபுல். ஆளைச் சொன்னால் கேர்ஃபுல், அவன் வேலை செய்கிற விதத்தைச் சொன்னால் கேர்ஃபுல்லி. குட் என்பது எந்த நியாயத்துக்கும் கட்டுப்படாமல் பெட்டர், பெஸ்ட் என்று போகும். இரண்டு பேரும் சமம் என்றால் 'ஆஸ் குட் ஆஸ்' என்று இரண்டு 'ஆஸ்' போட்டு நடுவில் சொல்லை உட்கார வைக்க வேண்டும். ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். எனக்குப் படிப்பு வரும். அது என் கெட்ட காலம்.

கடைசியில் மிஸ், "இப்ப உங்களப் பத்தி சொல்லுங்க. நான் மத்தவங்கள விட நல்லா வேலை செய்வேன்னு தைரியமா சொல்லணும்" என்றார்.

வெல்டர் ஜன்னலைப் பார்த்தார். டிரைவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஏழுமலை மட்டும் எழுந்து நின்று, "ஐ ஆம்..." என்று ஆரம்பித்தான்.

"வாணாம் மிஸ். இது மட்டும் வாய்ல வரல."

"இன்டர்வியூல கேப்பாங்க அண்ணா. உங்களப் பத்தி நீங்க சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா?"

ஏழுமலை என் தோளில் கையை வைத்தான். "இவன் சொல்லுவான் மிஸ்" என்றான்.

பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம்

மண்ணடி ஆபீஸில் முதலில் ஏழுமலையைத்தான் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்தவர் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், அந்த வளைகுடாத் துறைமுகத்திலிருந்து நேராக வந்தவர். பெயர், வயசு, எத்தனை வருஷம் வேலை என்று கேட்டார். ஏழுமலை தட்டுத் தடுமாறிச் சொன்னான். பிறகு, உன்னை நான் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டார்.

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"சார், மை ஃப்ரெண்ட் சம்பத்து..." என்று ஆரம்பித்தான். "ஹீ வொர்க்ஸ் மோர் கேர்ஃபுல்லி தேன் மீ. ஹீ இஸ் ஃபாஸ்டர் தேன் மீ. ஹீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் பெட்டர் தேன் மீ."

என்னை விடக் கவனமாக வேலை செய்வான், என்னை விட வேகம், என்னை விட நன்றாக இங்கிலீஷ் பேசுவான். மூன்று வாக்கியம், ஒரு பிழை இல்லை. கிளாஸில் எவ்வளவு முட்டியும் வராத இங்கிலீஷ் அன்று அப்படி வந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் சிரிப்பது கேட்டது. அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும். ஏழுமலை விளையாடவில்லை. மேஸ்திரியிடம் சொல்வதைப் போல ஜோடிக்கான தன் பாதியைச் சொல்லி முடித்தான். மீதிப் பாதி என்னிடம் இருந்தது. நான் உள்ளே போய் அதைச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை என்றுதான் அவன் நம்பினான்.

வெளியே வந்து கண்ணடித்தான். "சொல்ட்டேன். நீ போ."

போனேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் என்னை உட்காரச் சொன்னார். நீ அவனை விட நல்ல வேலைக்காரன் என்று உன் சிநேகிதன் சொல்கிறானே, உண்மையா என்று கேட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு மூன்று வழி இருந்தது. இல்லை சார், அவன்தான் என்னை விட நல்ல வேலைக்காரன் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. அதுகூட வேண்டாம், இரண்டு 'ஆஸ்' போட்டு இரண்டு பேரும் சமம் என்று சொல்லியிருக்கலாம். நோட்டில் எழுதி வைத்திருந்தேன், மனப்பாடம்.

"எஸ் சார்" என்றேன். "ஐ ஆம் பெட்டர் தேன் ஹிம்."

எதில் எல்லாம் என்று கேட்டார். வரிசையாகச் சொன்னேன். அவனை விடப் பலம். அவனை விட வேகம். அவனை விடக் கவனம். கண்ணாடி முன்னால் நின்று ஒரு மாதம் பழகிய வாக்கியங்கள். பழகும்போது 'மற்றவர்கள்' என்று இருந்த இடத்தில் அவனைப் போட்டேன். அவ்வளவுதான் மாற்றம்.

வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள், மழை வந்தால் ஒழுகுகிற கூரை இருந்தது என்று காரணம் சொல்லலாம். அவன் வீட்டிலும் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். அவன் கூரையும் ஒழுகியது. ஆகவே சொல்ல மாட்டேன். ஆசை வந்தது, சொன்னேன்.

நான் பேசியது வெளியே கேட்குமே என்ற பயம் கதவைத் திறக்கும்போதுதான் வந்தது. வராந்தாவில் ஏழுமலை இல்லை. சட்டைக் கையில் தையல் விட்டுவிட்டது என்று கீழே கடையில் ஊக்கு கேட்கப் போயிருந்தான். மேலே வந்து மூச்சு வாங்க நின்றான்.

"இன்னாடா சொன்னே?"

"உன்னத்தான் சொன்னேன்."

"மெய்யாலுமா? இன்னா சொன்னே, அப்பிடியே சொல்லு."

"ஏழுமலை இஸ் பெட்டர் தேன் மீ."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு நான் படியிறங்கினேன்.

அவன் வைத்துக்கொண்டிருந்தது

ஒரு வாரத்தில் எனக்கு மட்டும் ஆர்டர் வந்தது. "ஒரு சீட்டுதான் இருந்திருக்கும்டா. ரெண்டு பேர்ல ஒருத்தன் போறதே பெரிய விசயம்" என்றான். ஏர்போர்ட்டுக்கு அவனும் தேவகியும் வந்தார்கள். தேவகி அவன் பெண்டாட்டி. எனக்கென்று எலுமிச்சை ஊறுகாயும் காரப்பொடி மீன் கருவாடும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஐந்து வருஷம் அங்கே இருந்தேன். அங்கே ஒவ்வொரு கம்பியும் ஏறும்போது நிமிர்ந்து பார்த்தேன்.

நான் போன இரண்டாவது வருஷம், இங்கே ஒரு தனியார் துறைமுகத்தில் அவனைப் புது ஆளோடு ஜோடி சேர்த்தார்கள். புது ஆள் மேலே ஏற்ற, ஏழுமலை கீழே முறுக்கினான். கொக்கி சரியாக விழவில்லை. கம்பி அவன் வலது காலில் இறங்கியது. எலும்பு சேர்ந்தது, புண் ஆறவில்லை. சர்க்கரை இருந்தது அப்போதுதான் தெரிந்தது. முதலில் விரல்கள் போயின. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நான் திரும்பி வந்தபோது அவன் திருவொற்றியூரில் வீட்டு வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினான். நான் அழுதேன். "அழுவாதடா, கலீஜா கீது" என்று திட்டினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அக்கம்பக்கத்தில் யார் வந்தாலும் என்னைக் காட்டி ஆரம்பித்துவிடுவான். "இவன் யார் தெரியுமா? அந்த ஆபீஸ்ல உள்ள குந்திகினு, அந்த வெள்ள சட்டைக்காரன் மூஞ்சிக்கு நேரா, ஏழுமலை என்ன விட ஒஸ்தின்னு இங்கிலீஷ்ல சொன்னவன். எவன் சொல்லுவான்? தன் சோத்துல தானே மண்ணப் போட்டுக்கினு எவன் சொல்லுவான்?" பிறகு என் பக்கம் திரும்பி, "அத்த ஒருக்கா சொல்லு மாமு" என்பான்.

சொல்வேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொன்னேன். அவன் பெண்ணுக்கும் அந்த வாக்கியத்தைக் கற்றுக் கொடுத்திருந்தான். அவள் சரியான உச்சரிப்பில் சொல்வாள். ஒவ்வொரு முறையும் இன்று உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறுவேன். அவன் முகத்தைப் பார்த்ததும் பழைய வாக்கியத்தையே சொல்வேன்.

இன்னொரு காலிலும் புண் வந்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து நாள் இருந்தான். பதினோராவது நாள் காலையில் இட்லி வாங்கிக்கொண்டு நான் வார்டுக்குள் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

தேவகி கேட்டது

காரியம் முடிந்த மறுநாள் போய் தேவகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறையில் நான் பேசிய வாக்கியங்களை ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவராண்ட சொல்லாம இருந்தியே, அது வரைக்கும் நல்லது. நீ சொன்னதா சொன்ன அந்த வார்த்தைய நெனச்சுகினுதான் மனுசன் கண்ண மூடினாரு" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "என்னாண்ட ஏன் சொன்னே?" என்றாள்.

"தாங்க முடியல தேவகி."

"உன்னால தாங்க முடியல. கொண்டாந்து என் தலைல எறக்கிட்ட. இனிமே இத்த வச்சுகினு நான் இன்னா பண்றது? பொண்ணு அவங்கப்பனப் பத்தி யார் கேட்டாலும் அந்த ஒண்ணத்தான் சொல்லிகினு கீறா. அவ சொல்லும்போது நான் மூஞ்ச எங்க வச்சுக்கறது?"

போ என்று அவள் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரியும்.

போன மாதம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. தேவகி. இந்தத் தொடரைப் பெண்தான் வாரா வாரம் படித்துக் காட்டுகிறாளாம்.

"எல்லாத்தையும் எழுதற. அத்த எப்ப எழுதுவ?"

"பொண்ணுக்குத் தெரிஞ்சுடுமே" என்றேன்.

"நானே சொல்ட்டேன். ரெண்டு நாள் சோறு துன்னல. அப்பால அவதான் உனக்கு போன் போடச் சொன்னா." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "எழுது. பேர மாத்திப் போட்டு டபாய்க்காத. அந்த ரூம்ல அவரு பேரு கெட்டுச்சு. புக்குல நல்லபடியா வரட்டும்."

போனை வைத்துவிட்டாள்.

அவன் பெயர் ஏழுமலை. திருவொற்றியூர்க்காரன். துறைமுகத்தில் கம்பி ஏற்றியவன். என்னை விடப் பலசாலி, என்னை விட வேகம், என்னை விடக் கவனமாக வேலை செய்தவன். இதை அவன் உயிரோடு இருந்தபோது, கேட்க வேண்டிய ஒரே ஆளான அந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம் நான் சொல்லவில்லை.